ஆறு தட்டு, ஆறு 'உம்'

1

இன்று ஏப்ரல் முதல் தேதி. இந்த நாட்டில் இன்று பகல் பன்னிரண்டு மணி வரை ஒருவரை ஒருவர் ஏமாற்றலாம். சட்டமில்லை, வழக்கம். என் மகள் வசந்தா காலை ஏழேகால் மணிக்கு என் சட்டையின் முதுகில் தீப்பிடித்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில் திருத்தணி வட்டமும் அதை ஒட்டிய சில ஊர்களும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போயின. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்கு வந்தன. அன்று பன்னிரண்டு மணிக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது.

என் ஊர் நகரிக்குக் கிழக்கே இருக்கிறது. அது ஆந்திரத்தில் நின்றுவிட்டது. என் மனைவி கன்னியம்மா பிறந்த வேப்பங்குப்பம் அங்கிருந்து ஒன்றரை மைல். அது சென்னைக்குப் போய்விட்டது. நடுவில் ஓர் ஏரிக்கரையும் இரண்டு கிணறுகளும் உண்டு. அதற்கு அடுத்த வருடம் நாங்கள் மூவரும் கப்பலேறி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு வந்தோம். நான் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. கன்னியம்மா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கிக்கொண்டிருந்தாள் என்று இறந்த காலத்தில் எழுத முடிவதற்குக் காரணமான விஷயத்தைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

2

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினோரு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப் அடித்தவர்களுக்குத் தெரியும், வரி முடிய ஐந்தாறு எழுத்து இருக்கும்போது மெஷினில் மணி அடிக்கும். அப்போது நீளமான ஆங்கிலச் சொல் ஒன்று குறுக்கே வந்தால் அதை இரண்டாக வெட்டி, நுனியில் சிறுகோடு போட்டு, மீதியைக் கீழ் வரிக்கு இறக்க வேண்டும். எங்கே வெட்டலாம் என்பதற்கு இன்ஸ்டிடியூட்டில் விதிகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒலி முடியும் இடத்தில் வெட்டலாம். முன்னொட்டு, பின்னொட்டு சேரும் மூட்டில் வெட்டினால் இன்னும் நல்லது. ஒற்றை எழுத்தை அநாதையாக விடக் கூடாது. ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது.

கடைசி விதியால் எங்களுக்குக் கஷ்டம் அதிகம். எங்கள் பக்கத்தில் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அந்தப் பெயர் வந்தால் வரியில் வேறு எதற்கும் இடமிருக்காது.

அடித்த தாளை மூலத்தோடு ஒப்பிடுவதை அங்கே 'கம்பேர் பண்றது' என்போம். இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தைப் படிப்பார். மற்றவர் டைப் அடித்த தாளில் விரல் வைத்துத் தொடர்வார். எனக்கு வாய்த்த ஜோடி முனிரத்தினம். புத்தலப்பட்டுக்காரர், தெலுங்கு வீட்டுப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவார். நீளமான சொற்களை அவர் துண்டு துண்டாகப் படிப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் மேசையில் ரூல்தடியால் ஒரு தட்டு. என் தாளில் அந்தத் துண்டு சரியாக இருந்தால் நான் 'உம்' என்பேன். 'உம்' வராமல் அவர் அடுத்த துண்டுக்குப் போகக் கூடாது. நான் பேசாமல் இருந்தால் அங்கே தப்பு இருக்கிறது என்று பொருள். எங்கள் பிரிவில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

மாநிலங்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை நடந்த வருடங்கள் அவை. ரீஆர்கனைசேஷன் என்ற சொல் சில பக்கங்களில் ஒன்பது முறை வரும். ரீ. உம். ஆர். உம். கன். உம். ஐ. உம். ஸே. உம். ஷன். உம். ஆறு தட்டு, ஆறு 'உம்'. அது கேட்டதும் அட்டெண்டர் டீ வாங்கக் கிளம்பிவிடுவார், நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் குரல் மெலிந்துவிடும்.

"ஏமி சாமி, தூங்கிகினு கீறியா? உம் சொல்லவே துட்டு கேப்ப போலகீதே" என்பார் முனிரத்தினம். என் பெயர் கோவிந்தசாமி. அவர் ஆள் பெயரையும் வெட்டுவார்.

3

போன வருடம் மார்கழியில் கன்னியம்மாவின் உள்ளங்கைகள் வெடித்தன. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் கை வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். மருந்துக் கடையில் சின்ன சீசாவில் எண்ணெய் கொடுத்தார்கள். பூசினாள். காலையில் தலை பின்னும்போது மயிர் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வசந்தாவைப் பின்னச் சொன்னாள். வசந்தாவுக்குப் பதினான்கு வயது. பின்னிவிடுவாள், பேச மாட்டாள். சித்தூரில் என்னை நைனா என்று கூப்பிட்ட பெண். இப்போது டாட் என்கிறாள், அதுவும் சட்டையில் தீப்பிடித்தால்தான்.

கை ஆறாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவோம் என்று மருத்துவமனையில் தாள் கொடுத்தார்கள். அதே சமையலறையில் கை நனையாத வேலை ஒன்று காலியாக இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் தட்டோடும் ஓர் அட்டை வரும். அதில் நோயும் பத்தியமும் எழுதியிருக்கும். அதைப் படித்து எந்தத் தட்டில் எதை வைப்பது என்று சொல்ல வேண்டும். சமையலறை சூப்பரின்டென்டென்ட் அம்மாள் பத்து அட்டைகளைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படித்தால் வேலை.

மனுப் படிவத்தை நான் நிரப்பினேன். பிறந்த இடம் என்ற பெட்டி இரண்டு அங்குல நீளம். வேப்பங்குப்பம், பிறந்தபோது சென்னை மாகாணம், பிறகு ஆந்திர மாநிலம், பிறகு ஆந்திரப் பிரதேசம், இப்போது சென்னை மாநிலம் என்று சிறிய எழுத்தில் எழுதினேன். கடைசி இரண்டு சொற்கள் விளிம்பில் ஏறிவிட்டன. வாங்கிக்கொண்ட பெண் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இந்தியா என்று எழுதினாள். அந்தப் பெட்டிக்கு அது சரியாக இருந்தது.

கன்னியம்மா ஊரில் நான்கு வகுப்பு படித்தவள். ஆங்கில எழுத்துகள் தெரியும், சின்னச் சொற்கள் தெரியும். நீளமான சொல்லைக் கண்டால் பார்வை சொல்லின் முடிவுக்கு ஓடிவிடும். அதற்கு என்னிடம் முறை இருந்தது. நோயின் பெயர்களையும் பத்தியச் சொற்களையும் சேகரித்து நோட்டில் எழுதினேன். மொத்தம் எண்பத்து நான்கு. சிவப்புப் பென்சிலால் துண்டுக்குத் துண்டு கோடு போட்டேன். தினமும் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் படிப்பாள், நான் ரூல்தடியால் தட்டி 'உம்' கொட்டுவேன். முதல் சொல் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்.

"கேஸ்."

"உம்."

"ட்ரோ."

"உம்."

"என்."

"உம்."

"மாமா, இது ரயிலுமாரி போய்க்கினே கீதே. எத்தினி பொட்டி?"

"ஆறு. பேசாம படி."

அவளுக்கு என் சிவப்புக் கோடுகளைவிட வேறொன்று பிடித்துப்போனது. சில துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதைத் தானாகக் கண்டுபிடித்து, என்னவென்று கேட்டாள். அகராதி பார்த்துச் சொன்னேன். அதிலிருந்து ஒலியாக வெட்டியதை உறுப்பு உறுப்பாகத் திருப்பி வெட்ட ஆரம்பித்தாள். "ஆறு பொட்டி இல்ல மாமா, மூணுதான். மொதல்ல வயிறு, நடுவுல கொடலு, கடைசில வீக்கம். டிஸ்ஸுனு முடிஞ்சா எங்கியோ வீங்கிகினு கீது, காரம் வைக்கக் கூடாது. ஹைபர்னா ஜாஸ்தி, ஹைபோன்னா கம்மி. கோழி உரிக்கிற மாரிதான், மூட்டு தெரிஞ்சா கத்தி தானா போவும்."

தேர்வில் அர்த்தம் கேட்க மாட்டார்கள், உச்சரிப்புதான் முக்கியம் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வாரத்தில் எண்பத்து நான்கும் முடிந்தன. தவறு இரண்டு சதவீதத்துக்குக் கீழே. அவள் தயார் என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

4

தேர்வுக்குப் போன அன்று பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆச்சா?" என்றேன்.

"ஆச்சு."

"பத்தும் படிச்சியா?"

"பத்துலயும் மொதத் துண்டு படிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"மொத அட்டய குடுத்தாங்க. கேஸ்னேன். அந்தம்மா என்னியே பாத்துகினு இருந்துச்சு. நானும் அந்தம்மாவையே பாத்துகினு இருந்தேன். ஒண்ணுமே சொல்லல. செரி, தப்பு போலகீதுன்னு மறுபடி கேஸ்னேன். அப்பவும் பாத்துகினே இருந்துச்சு. அப்பால அட்டய மாத்திட்டாங்க. அதுலயும் அப்பிடியேதான். ஹைன்னேன், நின்னேன். கார்னேன், நின்னேன். பத்து அட்டையும் முடிஞ்சிபோச்சு. தேங்க் யூன்னாங்க."

"மேல படிக்க வேண்டியதுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். "அந்தம்மா உம் கொட்டல மாமா. உம் கொட்டலன்னா தப்புன்னு சொன்னது யாரு?"

சொன்னது யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் வந்த தாளில் மூன்று வரிகள் இருந்தன. மனுதாரர் சொற்களின் தொடக்கத்தை மட்டும் படிக்கிறார். இப்போதைய வேலையில் தொடரலாம். கைகள் குறித்து மாத இறுதியில் முடிவு செய்யப்படும்.

5

பேசாமல் இருந்தால் தப்பு என்பது எனக்கு எவ்வளவு ஊறிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நாட்குறிப்பில் மட்டும் இருக்கிறது.

எல்லை மாறுவதற்கு முந்தின வருடம், மாற வேண்டிய ஊர்களின் பட்டியல் ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்தது. நான் டைப் அடிக்கவில்லை, வேறொருவர் அடித்திருந்தார். கம்பேர் பண்ணும் வேலை எங்களுக்கு. ஊர்ப் பெயர்கள் என்பதால் வெட்டக் கூடாது. பெயருக்கு ஒரு தட்டு, ஓர் 'உம்'. வேலை வேகமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் முனிரத்தினம் ஒரு தட்டுத் தட்டி, "வேப்பங்குப்பம்" என்றார்.

என் தாளில் விரல் அந்தப் பெயரின் மேல் இருந்தது. எழுத்தெல்லாம் சரி. நான் 'உம்' சொல்லவில்லை.

முனிரத்தினம் மறுபடி தட்டினார். "வேப்பங்குப்பம்."

நான் பேசவில்லை.

"சாமி. ஸ்பெல்லிங்கு தப்பா?"

"இல்ல."

"கரெக்டா கீதா?"

"கரெக்டாதான் கீது."

"அப்ப சொல்லு."

எங்கள் கல்யாணத்துக்கு அவர் வேப்பங்குப்பம் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரூல்தடியை மேசையில் படுக்க வைத்தார். "நம்ம சொல்லலன்னா நிக்கவா போவுது சாமி? வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவரும் போகவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆனது. பிறகு 'உம்' என்றேன். பெயர் சரியாக இருந்தது. நான் சரிபார்க்க வேண்டியது அதைத்தான். பட்டியல் மறுநாள் காலை தபாலில் போனது.

6

கன்னியம்மாவின் தேர்வு பற்றிச் சூப்பரின்டென்டென்ட் அம்மாளுக்கு விளக்கம் எழுத முடிவு செய்தேன். இந்தியாவில் கம்பேர் பண்ணும் முறை, 'உம்' என்பதன் பணி, அது வராததன் பொருள் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியாக எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தி ஒன்றரைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். எந்தச் சொல்லும் தவறான இடத்தில் வெட்டப்படவில்லை. கன்னியம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"கடுதாசி நீ எழுதினா வேலையும் உனக்குத்தான் குடுப்பாங்க" என்றாள்.

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன்.

அன்று மாலை ஐந்தரைக்கு நான் ரூல்தடியோடு மேசைக்கு வந்தபோது என் நாற்காலியில் வசந்தா இருந்தாள். அவளாக வந்து உட்காரவில்லை, அம்மா உட்கார வைத்திருந்தாள். ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். எதிரே கன்னியம்மா நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.

"நான் சொல்லித் தரேனே" என்றேன்.

"நீ வாணா. நீ உம் கொட்டிடுவ. இவ ஒண்ணுமே சொல்ல மாட்டா. அந்தம்மாமாரியே பாப்பா."

யோசித்துப் பார்த்தேன். சரியான தேர்வு. வசந்தா இந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் 'உம்' கொட்டி இரண்டு வருடமாகிறது.

முதல் நாள் கன்னியம்மா 'கேஸ்' என்று சொல்லி நின்றாள். வசந்தா பக்கத்தைப் புரட்டினாள். கன்னியம்மாவின் நெற்றியில் வியர்த்தது. மறுபடி 'கேஸ்' என்றாள். நான் சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா, ஜஸ்ட் சொல்லுமா. யாரும் பிட் பிட்டா பேச மாட்டாங்க" என்றாள் வசந்தா, தலையைத் தூக்காமல்.

"துண்டு பண்ணாம எப்பிடிடீ முழுங்கறது? நீ துன்னும்போது கடிச்சித்தானே துன்ற?"

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அவள் சிரித்து நான் கேட்ட கடைசித் தேதியைப் பின்னால் தேடிப் பார்த்தேன், எழுதி வைத்திருக்கவில்லை.

பத்து நாள் இப்படியே நடந்தது. நான் வாசலிலேயே நின்றேன். நான்காம் நாள் இரண்டாம் துண்டுக்குப் போனாள். ஏழாம் நாள் கடைசித் துண்டு வரை போனாள். எப்படிப் போகிறாள் என்று வாசலிலிருந்து எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகள் காது கேட்கும் தூரத்தில் இருந்தாள், அவள் எதுவும் சொல்லவில்லை.

மாத இறுதிக்கு ஆறு நாள் இருக்கும்போது கன்னியம்மா வேலை முடிந்து, ஈரக் கையோடு, தானே சூப்பரின்டென்டென்ட் அம்மாள் அறைக்குப் போய், இன்னொரு தடவை படிக்கிறேன் என்று கேட்டாள். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கு நேரம் இருந்ததால் அப்போதே பத்து அட்டைகளை எடுத்து வைத்தார்.

மூன்று நாள் கழித்துத் தாள் வந்தது. இதோ என் முன்னால் இருக்கிறது. அப்படியே தமிழில் தருகிறேன்: மனுதாரர் பத்து அட்டைகளையும் பிழையின்றிப் படித்தார். ஒவ்வொரு அட்டைக்கும் கேட்காமலே உணவையும் சொன்னார். படிக்கும்போது ஒவ்வொரு அசைக்குப் பிறகும் 'உம்' என்று ஒரு சத்தம் செய்கிறார். அது இந்த வேலைக்குத் தடையாக இருக்காது.

"நீயேவா உம் கொட்டினே?" என்று கேட்டேன்.

"வேற யாரு கொட்டுவா அங்க? கேஸ்னேன். செரியாத்தான கீதுன்னு எனக்குத் தெரியுது. உம்முனேன். மேல போனேன்."

7

அவள் அட்டை படிக்கும் தட்டு வரிசைக்கு மாறி இன்றோடு ஐந்தாம் நாள். கை இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் இன்று காலை தானே தலை பின்னிக்கொண்டாள்.

மாலை தேதியைப் பார்த்ததும் பட்டியல் வந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். அன்று கம்பேர் பண்ணிய இரண்டாம் பக்கத்து ஊர்களை மட்டும் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கன்னியம்மா எண்ணெய்ச் சீசாவோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா அது?"

சொன்னேன். பட்டியல், முனிரத்தினம், ரூல்தடி, நான்கு நிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையில் எங்கேயும் 'உம்' கொட்டவில்லை. அதனால் சில வாக்கியங்களை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த நாலு நிமிசம் இன்னா பண்ணினு இருந்த?"

"ரூல்தடிய பாத்துகினு இருந்தேன்."

"அப்பால?"

"பேரு கரெக்டா இருந்துச்சு. சொல்லிட்டேன்."

ஓர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி மற்றதில் தேய்த்தாள். வெடிப்புகளில் அது இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்ப படிச்சிக் காட்டு."

வரிசையில் மேலிருந்து படித்தேன். பெயருக்கு ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் 'உம்' என்றாள். அடுத்தது வேப்பங்குப்பம். வெட்டாமல், ஒரே மூச்சில் படித்தேன்.

அவள் பேசவில்லை. நான் மறுபடி தட்டினேன். படித்தேன்.

"இன்னா பாத்துகினு கீற? உம்மு வராது" என்றாள்.

மணி ஆறு ஐம்பது. ரூல்தடியை மேசையில் படுக்க வைத்தேன். அந்தப் பட்டியலில் அதற்குக் கீழே இன்னும் பதினேழு ஊர்கள் இருக்கின்றன.